கால் கழுவும் இடம்

காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர், ஏற்றமில்லாத பாதை. சுகிர்தா எங்கும் நிற்காமல் நடந்து வந்தாள். மலை ஏரி பத்தடி தூரத்தில் தெரிந்தபோதுதான், வழிகாட்டியாக வந்த மாரக்கா ஷூவைக் கழற்றச் சொன்னாள். கால் கழுவாமல் யாரும் அந்த ஏரியில் இறங்குவதில்லை. பக்கத்து ஓடையிலிருந்து சொம்பில் நீர் மொண்டு ஒவ்வொருவர் காலிலும் அவளே ஊற்றுவாள்.

“நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்,” என்றாள் சுகிர்தா.

“இவ்வளவு தூரம் நடந்துட்டு இங்கயா நிப்பே?” என்றான் ஆல்வின். கல்யாணமாகி மூன்று வாரம். அவளுடைய வலது கால் செயற்கைக் கால் என்பது பெண் பார்க்க வந்த அன்றே அவனுக்குத் தெரியும். ஆனால் விளக்கை அணைத்த பிறகுதான் அவள் அதைக் கழற்றி வைப்பாள். அவன் இன்னும் பார்த்ததில்லை.

அவள் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று உட்கார்ந்து இரண்டு ஷூவையும் காலுறைகளையும் கழற்றினாள். ரப்பர் பாதம் அவள் நிறத்தைவிடச் சற்று வெளுப்பு. விரல்களில் நகம்கூட வார்த்திருந்தார்கள்.

“இதையும் கழட்டணுமாக்கா?”

மாரக்கா குனிந்து பார்த்தாள். “ஷூவைத்தானே கழட்டச் சொன்னேன். காலைக் கழட்டுன்னு யாரு சொன்னா? நீட்டு.”

சுகிர்தா சிரித்துவிட்டாள். இடது காலில் நீர் விழுந்ததும் கூசி இழுத்துக்கொண்டாள். அடுத்த சொம்பை ஆல்வின் வாங்கிக்கொண்டான். மண்டியிட்டு, ரப்பர் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, விரலிடுக்குகளில் மெதுவாக ஊற்றினான்.

“ரொம்பச் சில்லுன்னு இருக்கு,” என்று அவளிடம் சொன்னான்.