பத்து நிமிஷ மகன்

"இந்தக் காலத்துல எவனாவது சிரிச்சுக்கிட்டே பக்கத்துல வந்தா, முதல்ல பையைத் தொட்டுப் பாத்துக்கணும்," என்றார் கொத்தனார், யாரிடம் என்றில்லாமல். சொன்ன கையோடு பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தவன் கையில் டீ டம்ளர் இருந்தது. அவனுக்குப் பின்னால் ஒரு பெண், இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தையோடு நின்றாள்.

திருவிழாவின் கடைசி நாள். பொது வரிசை கோயிலை இரண்டு சுற்று சுற்றி நின்றது. வயதானவர்களுக்கென்று தனி வாசல் இருந்தது. ஆனால் துணைக்கு வீட்டு ஆள் இல்லாத யாரையும் அதில் விடவில்லை. போன வருடம் யாரோ உள்ளே மயங்கி விழுந்துவிட்டாராம். ராத்திரி முழுக்க வேனில் கூட வந்தவர்கள் மகன், மருமகன் என்று கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கொத்தனார் மட்டும் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். இத்தனை தூரம் வந்தும் சாமியைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான் போலிருந்தது.

"டீ குடிங்க ஐயா."

"நான் கேட்டேனா? இதுல என்ன கலந்திருக்கே?"

அவன் அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டு டம்ளரை மறுபடி நீட்டினான். கொத்தனார் வாங்கி ஒரு மடக்கு குடித்தார். சர்க்கரை இல்லை.

"எனக்குச் சர்க்கரை ஆகாதுன்னு யார் சொன்னா?"

"இந்த வயசுல யாருக்குங்க ஆகுது?"

"அப்ப நோட்டம் பாத்துட்டுத்தான் வந்திருக்கே," என்றார். ஆனாலும் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

அவன் சுற்றிவந்து அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்தான். இடது காதில் அவருக்கு ஒன்றும் விழாது.

"ஐயா, குழந்தையை இந்தத் திருவிழாவுலயே சாமிக்குக் காட்டறேன்னு இவ வேண்டிக்கிட்டா. பொது வரிசையில நின்னா ஆறு மணி நேரம். எங்களுக்கு நாலு மணிக்கு ரயிலு. நீங்க கூட வந்தா அந்த வாசல்ல விட்டுருவாங்க. உங்களுக்கும் சாமி பாத்த மாதிரி ஆகும்."

"அதாவது, நான் உனக்கு டிக்கெட்டு."

"அப்படி இல்லீங்க."

"வேற எப்படி? சரி, நீ யாருன்னு கேட்டா என்ன சொல்றது?"

"மகன்னு சொல்லுங்க."

"எனக்கு மகன்னு எவனும் இல்லை."

"ஒரு பத்து நிமிஷத்துக்கு இருந்துட்டுப் போறேங்க."

கொத்தனார் அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தார். மறுதரம் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் தாடையை நீட்டினார். "இது யாரு?"

"என் சம்சாரம்ங்க."

"அது தெரியுது. வாய் பேசுமா?"

"பேசுவேன் மாமா," என்றாள் அவள்.

"அதுக்குள்ள ஒத்திகையா? கெட்டிக்காரிதான்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பையைக் குடுங்க, நான் வச்சுக்கறேன்," என்றாள்.

"என் பை எங்கிட்டயே இருக்கட்டும்."

எழுந்தபோது முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. குழந்தை எட்டி அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. துண்டை இழுத்தால் குழந்தையும் கூடவே வந்தது. "இப்பல்லாம் பிள்ளையைக் காட்டித்தான் ஆளை மயக்குறாங்க," என்று முனகிக்கொண்டே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பெண் குழந்தை. பஞ்சு மாதிரி கனமே இல்லை. "சோறு போடுறீங்களா இல்லையா இதுக்கு?" என்றார்.

தனி வாசலில் கையில் பட்டை கட்டிய தொண்டர் மறித்தார். "கூட வர்றது யாரு பெரியவரே?"

கொத்தனார் மூங்கில் தடுப்பைப் பார்த்தார். கோணலாக நட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடியே, "மகன்," என்றார்.

தொண்டர் சிரித்துவிட்டார். "இன்னைக்கு இந்த வாசல்ல எல்லாரும் மகன்தான். காலையில ஒரே தாத்தா நாலு மகனோட நாலு தடவை உள்ள போனாரு. அஞ்சாவது தடவை வந்து, இது சின்னவன்னாரு. அதனால அடையாள அட்டையைக் காட்டுங்க, ரெண்டு பேரும்."

"அட்டை எதுக்கு? விட்டா விடு, இல்லாட்டி போறேன்," என்று கொத்தனார் திரும்பினார்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க," என்றான் அவன். சட்டைப்பையிலிருந்து தன் அட்டையை எடுத்துத் தொண்டரிடம் நீட்டினான். அந்தப் பெண் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

வேறு வழியில்லாமல் கொத்தனாரும் பையைத் துழாவித் தன்னுடையதைக் கொடுத்தார். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். தொண்டர் நிதானமாக ஒன்றைப் படித்தார், மற்றதைப் படித்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்பா பேரு சரியா இருக்கு. அட, கதவு நம்பர் கூட ஒண்ணுதான். எல்லாரும் ஒரே வீட்டுலதான் இருக்கீங்களா தம்பி?"

"இல்லீங்க. இவளைக் கட்டிக்கிட்டு நான் வீட்டை விட்டு வந்து ஏழு வருஷமாச்சு. விலாசத்தை மட்டும் மாத்த மனசு வரலை."

"மனசு வரலையாம். சோம்பேறித்தனம்னு சொல்லச் சொல்லு," என்று தொண்டரிடம் சொல்லிவிட்டு, பையைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டு, பேத்தியோடு முன்னால் நடந்தார் கொத்தனார்.