ஐம்பது நிமிடக் குப்பை

பதினான்காம் வரிசையைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

இருக்கை முழுக்க பிஸ்கட் தூள். கசக்கிப் போட்ட காகிதக் கோப்பை. பத்திரிகை தாள் தாளாகப் பிரிந்து தரையில் கிடந்தது.

மேலே ஏறி நிமிர்வதற்குள் இறங்கத் தொடங்கிவிடும் விமானம் இது. ஐம்பதே நிமிடத்தில் ஒரு ஜென்மத்தால் இவ்வளவு அசிங்கம் பண்ண முடியுமா?

இது கிளம்பி வரும் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் முந்நூற்றைம்பது கிலோமீட்டர். இரண்டும் சின்ன நிலையங்கள். இடையில் போய்வருவது இது ஒன்றுதான். அங்கே இதைத் துடைத்து அனுப்புகிறவள் என் தங்கை. இங்கே துடைத்துத் திருப்பி அனுப்புகிறவள் நான்.

வெளியே எந்தக் கம்பெனி பெயர் எழுதியிருந்தால் என்ன, உள்ளே இது எங்கள் இருவருடைய விமானம்.

ஒரு வேர்க்கடலைத் தோல் கிடந்தால் போதும், சாயங்காலமே அவளிடமிருந்து போன் வந்துவிடும். கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று கேட்பாள். நானும் சளைத்தவள் இல்லை.

ஆனால் நேரில் பார்த்து நான்கு வருடம் ஆகிறது. பஸ்ஸில் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு பதினோரு மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் லீவை வைத்துக்கொண்டு போய் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. அவள் துடைத்த இருக்கையை ஒரு மணி நேரத்தில் நான் தொடுகிறேன். அவளைத் தொட வழியில்லை.

இன்று காலையிலிருந்து அவள் போனை எடுக்கவும் இல்லை. மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் இந்தக் குப்பை வேறு.

விமானம் திரும்பக் கிளம்ப இருபது நிமிடம்தான் இருந்தது. முட்டிபோட்டுத் தூளைக் கூட்டிக்கொண்டே, அங்கே உட்கார்ந்திருந்த புண்ணியவானை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினேன். வாய்விட்டுத்தான்.

பின்னால் கழிவறைக் கதவு திறந்தது.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். புகார் போனால் வேலை போச்சு. தலையை நிமிர்த்தவே இல்லை.

புதுச் செருப்புப் போட்ட இரண்டு கால்கள் என் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"பத்து வருஷமா ஊரார் போட்ட குப்பையை அள்ளுறேன்க்கா. இன்னிக்கு டிக்கெட் வாங்கி, ஜன்னலோரமா உக்காந்து, நான் போட்டேன். ஒழுங்கா அள்ளு."

நிமிர்ந்தேன். இஸ்திரி மடிப்புக் கலையாத உடுப்பு, கழுத்துவரை பவுடர், தோளில் கைப்பை. முகத்தில் அப்படி ஒரு திமிர். கண் மட்டும் குளமாகியிருந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் வம்சத்திலேயே விமானத்தில் பறந்து, அதில் குப்பையும் போட்ட முதல் ஆள் இவள்தான். அள்ளினேன். ஒரு தூள் விடாமல் அள்ளினேன்.

சூப்பர்வைசர் படிக்கட்டிலிருந்து தலையை நீட்டி, இன்னும் இறங்காமல் நிற்பது யார் என்று அதட்டினார்.

அவள் பிறந்த நாளிலிருந்து வாடி, போடி என்றல்லாமல் நான் அவளிடம் பேசியதில்லை.

"பேசஞ்சர் சார். மெதுவாத்தான் இறங்குவாங்க."