கறுப்பு மூடி

“நல்ல மெமரி கார்டைக் கழற்றி எடுத்துப்போட்டு மட்டமானதைப் போட்டுத் தந்திருக்கிறீங்கள். எனக்கு விளங்காது எண்டு நினைச்சீங்களோ?”

கண்டியில் அந்தக் கணினிக் கடையில் நின்ற நான்கைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி சத்தம் போட்டால் ஊர் அவள் பக்கம்தான் நிற்கும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் ரிஸ்னா. நான் வைத்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கணினி. மூன்று கிழமைக்கு முன் அவள்தான் பாகங்களைப் பூட்டிச் செய்து தந்தாள்.

ஆறாம் மாதத்தில் என் மகன் ஆரணனுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. கணவர் டோஹாவில். வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும். இந்தப் பெட்டியைத் தொட்டிலில் பூட்டினால் பிள்ளையின் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஏறினால் கத்தும். அது கத்தும் என்ற நம்பிக்கையில்தான் நான் கண்ணை மூடுவேன்.

“இப்ப என்ன காட்டுது மிஸ்?”

“ஒண்டும் காட்டேல்ல. டீவியில போட்டுப் பார்த்தா வேற ஏதோ படம் வருது. பிள்ளையின்ர பேரும் இல்லை, சூடும் இல்லை. நேற்று இவனுக்கு நூற்றிரண்டு காய்ச்சல். உங்கட பெட்டி வாயே திறக்கேல்ல. நான் கையை வைச்சுப் பார்த்தபடியால் தப்பினான்.”

முதலாளி ஃபாஸில் நானா எழும்பி வந்தார்.

“என்ன புள்ள இது? ஒரு மாசம் பாத்துட்டு வேலைய நிரந்தரமாக்குறேண்டு சொன்னேன். பொம்புளப் புள்ளைக்கு இது சரிவராதுண்டு எல்லாரும் சொன்னாங்க. நாந்தான் கேக்கல்ல.”

ரிஸ்னா பெட்டிக்குள் குனிந்தாள்.

“கார்ட் அதேதான் நானா. மெஷின ஓன் பண்ணினா கார்டுல இருந்து எழும்பல்ல, அதுதான். இதுக்கு எழும்ப ரெண்டு இடம் ஈக்கி. உள்ளுக்குள்ள ஒரு மெமரி, அதுல கம்பனிக்காரன் போட்டது மட்டும்தான். மிஸ்ஸுக்கு நாங்க செஞ்சதெல்லாம் கார்டுல. எதுல இருந்து எழும்பணுமுண்டு சொல்றது ஒரு கறுப்பு மூடி. இந்த ரெண்டு ஊசிக்கு மேல மாட்டி வெச்சிருந்தேன். இப்ப இல்ல.”

அவள் காட்டிய இடத்தில் இரண்டு ஊசிகள் மொட்டையாக நின்றன.

அந்தக் கறுப்பு மூடியை எனக்குத் தெரியும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து தொட்டிலைத் துடைத்தேன். அந்தப் பெட்டியின் ஒரு பக்கம் காற்றுக்காகத் திறந்தே இருக்கும். உள்ளே பயறளவில் ஒரு கறுப்புத் துண்டு. இது விழுந்தால் பிள்ளை வாயில் போடுவான், தொண்டையில் இறுகும் என்று பயந்து, உருவிக் குப்பைக்குள் போட்டுவிட்டேன். பின்னேரம் கரண்ட் போய் வந்தது. அதற்குப் பிறகுதான் பெட்டிக்கு எங்களைத் தெரியாமல் போனது.

கொன்வென்டில் பிழை செய்தவள் தானாக எழும்பி நிற்கவேண்டும். பத்து வருசம் அப்படித்தான் எழும்பி நின்றிருக்கிறேன். இப்போது நின்றுகொண்டே இருந்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை.

ரிஸ்னா என்னைப் பார்க்கவில்லை. ஆரணனைப் பார்த்தாள். அவன் என் சங்கிலியில் கிடந்த சிலுவையை வாய்க்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

பிறகு நானாவிடம் சொன்னாள்.

“என்ட பிழைதான் நானா. இறுக்கமா மாட்டல்ல போல. கழண்டு விழுந்தீக்கும்.”

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்:

“கழண்டு விழுந்ததைப் பிள்ளை விழுங்கியிருந்தா?”

“அதானே!” என்றார் என் பின்னால் நின்ற ஓர் அம்மா. “பச்சப் புள்ள விசயத்துல விளையாடுறதா?”

“நாளைக்கு ஒங்கட வாப்பாவ வரச் சொல்லுங்க,” என்றார் நானா. “பேசி முடிப்பம். இனி ஒங்கள வெச்சிருக்க எனக்கு ஏலா.”

“சரி நானா.”

தெல்தெனியவில் இருந்து தினம் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிற பிள்ளை. பெட்டியைப் பின்மேசைக்குக் கொண்டுபோனாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, கடைத் திரையில் போட்டுக் காட்டினாள். ‘ஆரணன்’ என்று பெயர் வந்தது. பக்கத்தில் தொண்ணூற்றெட்டு என்று சூடு வந்தது. பெட்டியைப் பைக்குள் வைத்துத் தந்து, ஆரணனின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்குப் போகும் அம்பிட்டிய பஸ்ஸில் சீட் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்து உள்ளே பார்த்தேன். ஊசிகளுக்கு மேல் புது மூடி. அதைச் சுற்றிப் பசை வைத்து ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பினேன். அசையவில்லை.

பையின் அடியில் மடித்த தாள் ஒன்று கிடந்தது.

‘மிஸ், நீங்க கழட்டினது பிழையில்ல. புள்ள வாயில போடுமுண்டு நான்தான் முதல்ல யோசிச்சிருக்கணும். இப்ப ஒட்டிட்டேன், வராது.’

பெல்லை அடித்தேன்.

“இப்பதானே ஏறினீங்க?” என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டார்.

“கடையில ஒண்டை விட்டிட்டு வந்திட்டன்.”

பிள்ளையோடு இறங்கி, கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக வீதியைக் கடந்து நின்றேன். கையில் இன்னும் அந்தத் தாள். காற்றில் புரண்டபோதுதான் கண்டேன், பின்பக்கத்திலும் எழுதியிருந்தது.

‘நானாக்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க பயப்பட வேணாம்.’