பனிக்கட்டிக்கு அஞ்சிய மனிதர்

“எலும்புக்குள்ள ஐஸ் வைக்க நான் என்ன மீனா? மாட்டேன்னா மாட்டேன்!”

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தை அடுத்த அந்த ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறை முழுவதும் மொன்ஜியின் குரல் அதிர்ந்தது. ஆத்திரத்தில் தலையை ஆட்டியபோது, அவ்வூர் ஆண்களின் வழக்கப்படி அவர் காதில் செருகியிருந்த மல்லிகைச் செண்டிலிருந்து இரண்டு பூக்கள் உதிர்ந்தன.

சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த தலந்தா முகம் சுளித்தாள்.

இருவருக்கும் ஒரே நோய். இடுப்பெலும்பில் புற்று. நோயை வேரோடு களைய இயலாது, வலியைக் களையலாம் என்று டாக்டர் சஃப்வான் சொல்லியிருந்தார். கத்தி வேண்டாம், ஊசி போதும். அதன் வழியே கட்டியைச் சுட்டும் அழிக்கலாம், உறைய வைத்தும் அழிக்கலாம். சூடு வைத்தால் முதலில் ஒரு வாரம் வலி எகிறும், அதன் பின்னரே தணியும். குளிரோ, வைக்கும்போதே மரத்துப்போகச் செய்யும். ஓரிரு நாளில் நடமாடலாம்.

ஆனால், உறையச் செய்யும் வாயு ஒருவருக்குத்தான் மீதம் இருந்தது. அடுத்த சிலிண்டர் வரப் பத்து நாள் ஆகும். வரிசைப்படி அந்தக் குளிர் மொன்ஜிக்கு, தலந்தாவுக்குச் சூடு.

காலையில் தலந்தா தொலைபேசியில் மகளிடம் அழுதிருந்தாள். “வியாழக்கிழமை உனக்குக் கல்யாண மருதாணி வைக்கறப்போ நான் எழுந்து நின்னு குலவை போடணும்னு இருந்தேன் கண்ணு. சூடு வச்சா படுத்த படுக்கைதானாம்.”

அவள் விம்மிய நேரத்தில் பக்கத்து நாற்காலியில் மொன்ஜி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குறட்டையின் மீதே அவளுக்குக் கோபம் வந்தது. விழித்தெழுந்தவர் செய்த முதல் வேலை இந்தக் கூச்சல்.

டாக்டர் கெஞ்சாத குறை. “ஹாஜியாரே, உங்களுக்குக் குளிர்தான் நல்லது. சூடுன்னா துடிச்சுப் போவீங்க.”

“துடிச்சா துடிக்கிறேன்! நாப்பது வருஷம் ஐஸ் ஃபேக்டரில மாரடிச்சவன் நான். எங்க ஆளுங்ககிட்ட ஒரு பேச்சு உண்டு. கையில ஏறுன குளிர் கம்பளிக்கு எறங்கும், எலும்புல ஏறுன குளிர் கபர்க் குழிக்குத்தான் எறங்கும்!”

அறையில் சிரிப்பு எழுந்தது.

“ஐஸ்காரருக்கு ஐஸ்னா பயமாம்! நாளைக்கு மீன்காரன் தண்ணியப் பாத்து ஓடுவான்!” என்றார் மூலையிலிருந்த ஒருவர்.

தலந்தாவுக்குப் பொறுக்கவில்லை. “கெடைச்ச பாக்கியத்தை வேணாங்கறீங்களே அண்ணே! அதுக்கு எத்தனை பேர் ஏங்கறாங்க தெரியுமா?”

மொன்ஜி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஏங்கறவங்களுக்கே குடுத்துருங்க டாக்டர். இந்தம்மா கெர்கென்னா தீவுதானே? கடக்காத்துல ஊறுன ஒடம்பு, தாங்கும்.”

தின்ற தட்டைத் தள்ளிவிடுவது போல அவர் சொன்ன விதம் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மகளை நினைத்துச் சம்மதித்தாள். நன்றி சொல்ல மட்டும் நா எழவில்லை.

மயக்க மருந்து மெல்ல ஏறியது.

ஊசி இறங்கியது தெரிந்தது, வலி தெரியவில்லை. இடுப்புக்குள் ஒரு சிறு நிலா உறைந்து, உருண்டு, பெரிதாகியது. தீவுக்குச் செல்லும் படகு, முழங்காலளவு கடலின் மீது ஓசையின்றி நழுவியது. மீனை மடக்கக் கடலில் வேலியாக நட்ட ஈச்ச ஓலைகளின் மேல் பனி பொழிந்தது. அத்தீவில் எவரும் கண்டிராத பனி. அதன் நடுவே, மருதாணி பூசிய உள்ளங்கைகளை விரித்து மகள் நின்றாள்.

தலந்தா கண் விழித்தாளா, கனவே நீண்டதா, அவளுக்கே தெரியவில்லை. ஒரு வெண்திரை அசைந்தது. மூன்று மாதங்களில் முதன்முறையாக அவள் வலியின்றி மல்லாந்து கிடந்தாள்.

திரைக்கு அப்பால் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். கூடவே மல்லிகை மணம் வந்தது.

‘பிடிவாதத்துக்குக் கூலி. அனுபவிக்கட்டும்’ என்றது அவள் மனம்.

“தாயி, வாய்க்கு ஒரு துண்டு ஐஸ் குடேன்.”

நர்ஸ் ஹயாத்தின் காலடி ஓசை கேட்டது. பிறகு, பனிக்கட்டி நறநறவென்று கடிபடும் ஓசை.

“இன்னொண்ணு குடும்மா. ஆகா! இதோட அருமை உங்களுக்கெல்லாம் எங்க தெரியப்போவுது? ஐஸ் பாளத்துல சாஞ்சுதான் நான் தெனமும் மத்தியானம் தூங்குவேன்.”

“அட ஹாஜியாரே! அப்போ எலும்புல ஏறுன குளிரு, கபர்க் குழி, அதெல்லாம்?”

“நான் கட்டிவிட்டதுதான். உஸ்… மெல்லப் பேசு தாயி, அந்தப் பக்கம் காதுல விழுந்துரப் போவுது. தெரிஞ்சா அந்தம்மா கூசிப் போகும். வியாழக்கிழமை தலை நிமிந்து நின்னு குலவை போடணும்ல?”