மிரட்டாத டாக்டர்

எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு நோய் எதுவும் கிடையாது. அது டாக்டர் இளமதிக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது.

காரணம், அந்த ஆளின் முதுகுக்குப் பின்னால் மார்க் போடும் தாளோடு உட்கார்ந்திருந்த டாக்டர் மணவாளன்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கான புற்றுநோய்த் தடுப்புப் பயிற்சி அது. சாப்பாடு, புகையிலை, உடற்பயிற்சி பற்றியெல்லாம் நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று மூன்று நாள் பாடம். சிதம்பரத்தில், ஒரு மருத்துவமனையின், போர்டுகூட மாற்றாத பழைய புறநோயாளிகள் கட்டடத்தை இதற்காக ஒதுக்கியிருந்தார்கள்.

இன்று பேச்சுத் தேர்வு. கடலூர் நாடகக் குழு ஒன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒருவர் வந்து நோயாளியாக நடிப்பார். என்ன கதையோடு வருவார் என்பது மணவாளனுக்கே தெரியாது. டார்ச், ஸ்டெதாஸ்கோப் எதையும் தொடக் கூடாது. பேச்சு மட்டும்தான்.

இளமதி காலையில் ஒரு முறை தோற்றிருந்தாள். நடிக்க வந்த அம்மாளிடம், ஊறுகாயும் கருவாடுமாகவே சாப்பிட்டால் புற்றுநோயில்தான் போய் நிற்கும் என்று அவள் பொரிந்து தள்ள, அந்த அம்மாள் நடிப்பை மறந்து நிஜமாகவே அழுதுவிட்டார்.

"நீங்க டாக்டரா, எமனுக்கு ஏஜென்ட்டா?" என்று கேட்டார் மணவாளன். எல்லோரும் சிரித்தார்கள்.

மதியம் கடைசி வாய்ப்பு. தேறினால் அண்ணாகிராமம் பக்கத்தில் அவள் வேலை பார்க்கும் நிலையத்துக்கு வாராந்திரத் தடுப்பு கிளினிக் கிடைக்கும். இரண்டு வருடமாக அவள் கேட்டு அலைந்த கிளினிக். தவறினால் அது மங்கலம்பேட்டைக்குப் போய்விடும்.

வராந்தாவில் காத்திருந்தவரை வாட்ச்மேன் உள்ளே அனுப்பினார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தவர், உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் அழுக்குத் துண்டு.

இளமதி முதலில் பெயரைக் கேட்டாள். காத்தவராயன் என்றார். காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் லோடுமேன். சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டாள்.

"எங்கம்மா சாப்புடறது? துளியூண்டு காரம் பட்டாலே வாயி தீயா எரியுது. கஞ்சிதான் ஊத்திக்கறேன்."

பாக்கு, புகையிலை உண்டா என்றாள். மூட்டை தூக்கும்போது கன்னத்தில் அடக்கிக்கொள்வாராம். முதலில் நாளுக்கு ஒன்று இரண்டு பொட்டலம், இப்போது ஜாஸ்தியாகிவிட்டதாம். அவள் முகம் சுளிக்கவில்லை. காலையாக இருந்திருந்தால் இந்நேரம் எரிந்து விழுந்திருப்பாள்.

மூன்று விரலை ஒன்றாகச் சேர்த்து வாய்க்குள் விட முடிகிறதா என்று கேட்டாள். காத்தவராயன் முயன்றார். ஒரு விரலுக்கு மேல் போகவில்லை. நெற்றியில் நரம்பு புடைத்தது.

என்ன நடிப்பு, பாக்கு போடுகிறவர்களுக்குப் புற்றுநோய்க்கு முன்னால் வரும் வாய் இறுக்கத்தை அப்படியே காட்டுகிறாரே என்று இளமதி மனதுக்குள் வியந்தாள். இதற்கெல்லாம் டாக்டர்களிடமே பாடம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

அவர் சட்டென்று மேசைப் பக்கம் குனிந்தார். குரல் இறங்கியது.

"டாக்டரம்மா, மறைக்காம சொல்லு. இது புத்துநோயா?"

மணவாளனின் பேனா தாளுக்கு மேல் நின்றது. இளமதி அதைப் பார்த்தாள். ஆமாம் என்றாலும், இருக்கலாம் என்றாலும் மறுபடி எமனின் ஏஜென்ட். கிளினிக் போய்விடும். எதிரில் அந்த ஆளின் கண் கலங்கி நின்றது.

அவள் சிரித்தாள். அவர் கைமேல் தன் கையை வைத்தாள்.

"பயப்படாதீங்க ஐயா. அதெல்லாம் ஒண்ணும் இல்ல. பொட்டலத்த கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க, காய் கீரை சேத்துக்குங்க. தன்னால சரியாயிடும்."

காத்தவராயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கே பாதியாகக் குறைத்துவிடுவதாகச் சொன்னார்.

"நேத்துலேருந்து வூட்ல அவ சோறு துன்னல. இத போயி சொல்லணும்" என்று கும்பிட்டபடியே பின்னால் நகர்ந்து போனார். வாசல் தாண்டும்வரை அவர் வேஷம் கலையவே இல்லை.

மணவாளன் எழுந்து வந்து கை கொடுத்தார். காலையில் பார்த்த டாக்டரா இது என்று கேட்டார். ஒரு இடத்தில்கூட மிரட்டவில்லை, ஆளே தானாக இறங்கிவந்து குறைக்கிறேன் என்று சொல்லிவிட்டார், கிளினிக் அண்ணாகிராமத்துக்குத்தான் என்றார்.

 அந்த நடிகருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று இளமதி ஜன்னலுக்கு ஓடினாள். அவர் அதற்குள் கேட்டைத் தாண்டி, கிளம்பிக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டிருந்தார். கூப்பிட்டது கேட்கவில்லை. பஸ் திரும்பி மறைந்தது.

பின்னால் கதவு திறந்தது. கைலி கட்டி, தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டு, கையில் வசனத் தாளோடு ஒருவர் மூச்சிரைக்க நின்றிருந்தார்.

"மன்னிச்சிக்குங்க மேடம், லேட்டாயிடுச்சி. பேஷண்டா நடிக்க வந்தவன் நான்தான்."