வடக்கே யார்

அந்த எழுபது சென்ட் நிலம் தொண்ணூறு வருடத்தில் ஐந்து கை மாறியிருந்தது. ஐந்து பத்திரங்களிலும் வடக்கு எல்லையாகப் பச்சையம்மாளின் ஆட்கள் இருந்தார்கள். முதலில் சடையன் குடிசை, பிறகு சடையன் மகன் மண்ணாங்கட்டி குடிசை, கடைசியாக அவள் அப்பா எட்டியான் வீடு. அவர்களுக்கென்று ஒரு பத்திரமும் கிடையாது. அவர்கள் அங்கே வாழ்ந்ததற்கு அடுத்தவர் பத்திரம்தான் சாட்சி. ஒவ்வொரு விற்பனைக்கும் பத்திர எழுத்தர் நேரில் வந்து, இப்போது யார் இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்.

இந்த முறை யாரும் வரவில்லை. பதிவு நாளன்று காலையில் அவளே டவுனுக்குப் போனாள். எழுத்தர் வரதராசு கம்ப்யூட்டரில் ‘வடக்கே காலி இடம்’ என்று அடித்து வைத்திருந்தார்.

“காலி இடத்துலயா சார் நான் சோறாக்குறேன்?”

“பட்டா இருக்காம்மா?”

“எங்கிட்ட ஏது? அவங்க கையில இருக்கிற பழைய பத்திரத்தப் பாருங்க.”

நிலம் வாங்க வந்திருந்த டீச்சர் பழைய பத்திரக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தார். “இவங்க சொல்றது சரிதான். எழுதிடுங்க சார். பின்னால எனக்குத்தான் வம்பு.”

வரதராசு அந்த வரியை அழித்தார். “பேரு சொல்லும்மா.”

பச்சையம்மாள் சற்று யோசித்தாள். அடுத்த விற்பனைக்கு எத்தனை வருடம் ஆகுமோ.

“எம் பேரு வேணாம் சார். மக பேரு போடுங்க. ஹேமலதா. எட்டாவது படிக்குது.”

“அது கல்யாணம் ஆகிப் போயிடுமேம்மா.”

“போவட்டும். பேரு இங்கயே இருக்கட்டும்.”