மூன்றாம் மேசை

பழைய ரூட்டரைத் திறந்து பார்த்தபோது அறையில் இருந்தவர்கள் நான்கே பேர்: ஆபீஸ் பெரியவர் சிலுவைமுத்து, அவர் மகள் ஹில்டா, அவருடைய காலஞ்சென்ற அண்ணனின் மகன் பிராங்கிளின், இணைய ரூட்டர் மாற்ற வந்த ஜீஷான். ஐந்தாவது ஆள் இருந்ததாகச் சொல்பவர்கள் சும்மா சொல்கிறார்கள்.

பிராங்கிளின் தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தான். கல்மண்டபத்தில் அவன் அப்பா தொடங்கிய கிளியரிங் ஏஜென்சி அது. சரக்குக்கான சுங்கப் பத்திரங்களை இணையத்தில் ஏற்றுவதுதான் அங்கே வேலை. ஹில்டா பத்து ஏற்றி முடிக்கும் நேரத்தில் அவன் நான்கு முடித்தால் பெரிய விஷயம்.

போன வாரம் அவன் தாமதத்தால் ஒரு கன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து அவனுக்குத் திருவொற்றியூர் குடோன்; ஆபீஸ் பொறுப்பு ஹில்டாவுக்கு.

ஐந்து வருடத்தில் அவன் செய்து பார்க்காதது இல்லை. கண்ணாடி மாற்றினான், கம்ப்யூட்டரை இரண்டு முறை மாற்றினான், நாற்பது வயதில் டைப்பிங் கிளாஸுக்குப் போனான். இப்போது கோபம்கூட வரவில்லை. அசதிதான் வந்தது.

"உடு சித்தப்பா, எனுக்கு குடோனே மேலு. லாரிக்காரனுங்களாவது என்னியப் பாத்து இளிக்க மாட்டானுங்க."

"நம்ம வூட்டுப் புள்ள லாயக்கில்லன்னு ஊரு சொல்றதுக்கு மின்ன நாமளே எறங்கிடணும். அதான் மரியாதை" என்றார் சிலுவைமுத்து, முதுகு வளையாமல்.

ஜீஷான் லேப்டாப்பை விரித்தான். "புது ரூட்டர்ல ரெண்டு மாதிரி போடலாம் சார். ஒண்ணு ஸ்டேட்டிக் ரூட். எங்க போவணுங்கிறதை மட்டும் பாக்கும். கஸ்டம்ஸ் சைட்டா, இந்த லைன்ல போ. யாரு அனுப்புனாலும் அதே வழி. இன்னொண்ணு பாலிசி ரூட்டிங்…"

"மேசை மேசையாப் பாத்து லைன் பிரிக்கிறது. அதெல்லாம் வேணாம். மொதல்ல சொன்னதையே போடு" என்று குறுக்கிட்டார் சிலுவைமுத்து.

"நைனா படா கில்லாடிதான்!" என்று சிரித்தான் ஜீஷான். வாட்ஸ்அப் செய்தியைக்கூட மகளைப் படித்துக் காட்டச் சொல்பவர் அவர். பிராங்கிளின் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"பழைய ரூட்டர்ல இருக்கிற நம்பரெல்லாம் எடுத்துக்கணும். பாஸ்வேர்டு யார்கிட்ட கீது?" என்று கேட்டான் ஜீஷான்.

ஹில்டாதான் எழுந்து வந்து தட்டினாள். வேறு யாருக்கும் அது தெரியாது.

திரையைப் பார்த்த ஜீஷானின் சிரிப்பு நின்றது. "இதுல ஏற்கெனவே பாலிசி போட்டு கீதே! மூணாம் மேசையில இருந்து எது போனாலும் பழைய டெலிபோன் லைன். மத்த மேசைக்கெல்லாம் வேகமான ஃபைபர்."

மூன்றாம் மேசை பிராங்கிளினுடையது.

"எப்போ போட்டது?" என்றான் பிராங்கிளின்.

"ஃபைபர் இழுத்த அன்னிக்கே போட்டுக்கீறாங்க. அஞ்சு வருசம் ஆவுது. அண்ணே, நீ ஸ்லோ இல்ல. உன் லைன்தான் நத்தை."

பிராங்கிளின் கையிலிருந்த ஃபைலை மேசையில் வைத்தான். சித்தப்பா மகளைப் பார்த்தான். "பாஸ்வேர்டு உன்கிட்டதான கீது?"

"மாதா சத்தியமா நான் இல்லண்ணா! இந்த மேசைதான் மூணுன்னே எனுக்குத் தெரியாது."

"அஞ்சு வருசம் ஹில்டா. நான் முட்டாளுன்னு நானே நம்பிட்டேன்."

அவள் அழுதாள். யாரும் தேற்றவில்லை. சிலுவைமுத்து ஜன்னல் வழியே துறைமுகச் சாலையில் ஊர்ந்த டிரெய்லர்களைப் பார்த்தபடி நின்றார்.

புது ரூட்டரை வண்டியிலிருந்து எடுத்து வர ஜீஷான் கீழே போனான். போனவன் வாய் சும்மா இருக்கவில்லை. அவன் திரும்புவதற்கு முன்னால் டீக்கடை ஆசீர்வாதம் டீத்தூக்கோடு படியேறி வந்தார்.

"இன்னா ஹில்டாம்மா, சீட்டுக்காக அண்ணன் லைனையே திருப்பி உட்டியாமே? கடையில ஜனமே அதத்தான் பேசிக்கினு கீது!"

ஹில்டா முகத்தை மூடிக்கொண்டாள். சிலுவைமுத்து திரும்பினார்.

"ஆசீர்வாதம், டீய வெச்சுட்டு கீழ போ. போயி கரீட்டா சொல்லு."

"இன்னான்னு நைனா?"

"அன்னிக்கு ஃபைபர்காரன்கிட்ட அப்டி போடச் சொன்னது அவ இல்ல. நானு."